லோரிக் கணக்கும் லோங்காங் கணக்கும்: பினாங்கில் காலநிலை மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயிர் ஈத்தாம் பக்கம் எங்கள் குடியிருப்புக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் கூடுவது வழக்கம். இடைநிலைப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், எண் வரும் விஷயமெல்லாம் என் தலையில் விழும். 2017 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பேச்சில் பாதி காலநிலையைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். அதை மறைக்கப் போவதில்லை.

கேள்வி: நாளைக்கு மழை வருமா என்பதையே சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 2100-ல் என்ன நடக்கும் என்று மட்டும் எப்படித் தெரியும்?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் வரும் பாதையில் நின்றிருக்கிறீர்களா? வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். ஒருவர் ஒரு தேங்காயை ஓங்கி அடித்தால் அது எத்தனை சில்லாகும், எந்தச் சில் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை லோரி தேங்காய் இறங்கியது என்று தெரிந்தால், விடிந்ததும் எத்தனை லோரி சில்லு அள்ள வேண்டியிருக்கும் என்று துப்புரவுப் பணியாளர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வானிலை என்பது சில் தெறிக்கும் திசை. காலநிலை என்பது லோரிக் கணக்கு.

இந்த லோரிக் கணக்கு புதிதும் இல்லை. 1967-லேயே சியூக்குரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும், காற்றிலுள்ள கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) இரட்டிப்பானால் பூமியின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்குச் சற்று மேல் கூடும் என்று கணக்கிட்டார்கள். அன்றைய கணினி இன்று நம் பையில் கிடக்கும் கைப்பேசிக்குக் கால்தூசி பெறாது. மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கிளாவ்ஸ் ஹாசல்மன். இயற்கையான ஏற்ற இறக்கத்துக்குள் மனிதன் பதித்த தடத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்று வழிகாட்டியவர்.

கேள்வி: அப்படியானால் எதில் உறுதி, எதில் சந்தேகம்?

"காலநிலை விஞ்ஞானம் நிச்சயமில்லாதது" என்று மொத்தமாகச் சொல்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தப் பகுதி?

பூமி சூடாகியிருக்கிறது, காரணம் மனிதன் என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. ஐநாவின் காலநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட ஆறாவது அறிக்கை, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி சூடானது என்றது. கரிவளி இரட்டித்தால் எவ்வளவு சூடாகும் என்பதில் வீச்சு உண்டு. 1979-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று 1.5-லிருந்து 4.5 டிகிரி வரை என்றது. நாற்பது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு அது 2.5-லிருந்து 4 வரை என்று சுருங்கி, நடுவில் 3 நிற்கிறது. நாற்பது வருடத்துக்கு இவ்வளவுதானா என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். மேகம் பொல்லாதது, சூடாகும் பூமியில் அது குடையாக நிற்குமா, போர்வையாக மூடுமா என்பதில்தான் பாதி வருடங்கள் கழிந்தன.

அதற்குக் கீழே இறங்கினால் மங்கலாகிறது. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நம் தீவின் பரப்பே 300 சதுர கிலோமீட்டருக்குள். ஆக, தீவு, எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறை, கெடாவின் வயல், நடுவிலுள்ள கடல் எல்லாம் ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும். 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலைத் தொடர் அந்தச் சதுரத்தில் தோசைக்கல்போலத் தட்டையாகிவிடும். மேகத்தைத் தடுத்து நிறுத்தி ஆயிர் ஈத்தாமில் மழையைக் கொட்டுவதே அந்த மலைதான். நுணுக்கமான வட்டார மாதிரிகள் இதை ஓரளவு சரிசெய்கின்றன, முழுதாக அல்ல.

இன்னொரு சந்தேகம் விஞ்ஞானிகள் கையிலேயே இல்லை: நாம் எவ்வளவு நிலக்கரி எரிப்போம்? அடுத்த இருபது வருடத்துக்கு எந்தப் பாதையில் போனாலும் வெப்பக்கோடு ஏறக்குறைய ஒன்றாகவே போகும். 2050-க்குப் பிறகுதான் கோடுகள் நன்றாகப் பிரிகின்றன. நூற்றாண்டு இறுதிக் கணக்கில் தெரியும் பெரிய வீச்சில் பாதிக்கு மேல் மனிதனின் முடிவுதான் என்பது என் வாசிப்பு.

கேள்வி: 2017 நவம்பர் வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்ததா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

நேராகச் சொல்வதென்றால் கேள்வியைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

நடந்தது இது: நவம்பர் 4 பிற்பகலில் தொடங்கிய மழை மறுநாள் வரை விடவில்லை. ஒரே நாளுக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாளில்தான் டாம்ரே சூறாவளி வியட்நாமில் கரையேறியது. பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். மாநில அரசு இராணுவத்தை உதவிக்கு அழைத்தது.

இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது காற்றின் ஈரம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைச் சுமக்கும். இது பாடப்புத்தக இயற்பியல், விவாதமே இல்லை. ஆகவே அன்று வானில் இருந்த தண்ணீரில் ஒரு பங்கு நாம் சேர்த்துவிட்டது. இரண்டாவது, மழையைக் கொண்டுவந்த காற்றுச் சுழல் அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்தது. அதில் தற்செயலின் பங்கு பெரிது. விஞ்ஞானிகள் இப்போது "இதனால்தான் வந்ததா?" என்று கேட்பதில்லை. மனிதன் சூடாக்காத ஒரு பூமியையும் இன்றைய பூமியையும் கணினியில் ஓடவிட்டு, "இப்படி ஒரு மழை எத்தனை மடங்கு அடிக்கடி வருகிறது?" என்று கேட்கிறார்கள். புகைபிடித்த ஒருவருக்குப் புற்றுநோய் எந்தச் சிகரெட்டால் வந்தது என்று மருத்துவர் சொல்வதில்லையே, அதுபோல.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்குக் கோபம். மழை விழுந்த பிறகு அது எங்கே போனது? எங்கள் வரிசைக்கு மேலே அப்போது ஒரு கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்பே வெட்டிய சரிவிலிருந்து செம்மண் இறங்கி லோங்காங்கில், அதாவது வடிகாலில், பாதியை அடைத்திருந்தது. இரண்டு முறை புகார் எழுதினோம். ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் தேதி விடியற்காலை என் வீட்டுக்குள் வந்தது மழைத்தண்ணீர் அல்ல, மிளகாய் அரைத்த மாதிரிச் சிவந்த சேறு. ஐஸ்பெட்டி மிதந்தது. என் மனைவி சாமி படத்தையும் பிள்ளைகளின் சான்றிதழ் கோப்பையும் மட்டும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

வானத்தில் எவ்வளவு கூடியது என்பதற்கு வீச்சுதான் சொல்ல முடியும். லோங்காங்கில் எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு முழக்கோலால் அளந்துவிடலாம். நிச்சயமின்மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற கூட்டங்களில் இந்த முழக்கோல் கணக்கை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: சுப்பிங்கில் 1998-ல் பதிவான 40.1 டிகிரியை இன்றுவரை எதுவும் தாண்டவில்லையே. அப்புறம் எங்கே சூடாகிறது?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். நல்ல நினைவாற்றல். பெர்லிஸில் 1998 ஏப்ரல் 9-ல் பதிவான எண் அது; பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ கடுமையாக இருந்த ஆண்டு. ஆனால் ஒரு ஊரின் ஒரு நாள் உச்சம் என்பது வகுப்பில் ஒரு பையன் வாங்கிய நூறு மாதிரி. அந்த நூறு வராமலேயே வகுப்பின் சராசரி வருடாவருடம் ஏறலாம். உலகச் சராசரிப்படி 2024-தான் பதிவுகளிலேயே மிகச் சூடான ஆண்டு. உலக வானிலை அமைப்பின் கணக்கில் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம்.

கேள்வி: சுனாமியும் இதனால்தானா?

இல்லை. 2004 டிசம்பர் 26-ல் வந்தது சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால். காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடல்மட்டம் ஏறினால் எந்த அலையும் இன்னும் கொஞ்சம் உள்ளே வரும் என்பது மட்டும் உண்மை.

கேள்வி: பினாங்கு கடலில் மூழ்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சிவப்பு வரைபடம் வந்ததே?

அந்த வரைபடங்கள் பெரும்பாலும் குளியல்தொட்டிக் கணக்கு. தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்தி, அதற்குக் கீழே உள்ள நிலத்தையெல்லாம் சிவப்படித்துவிடுவார்கள். மதகு, கரை, அலை எதுவும் அதில் இருக்காது. நிலத்தின் உயரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து அளப்பதிலேயே சில மீட்டர் பிழை வரலாம்.

உண்மைக் கணக்கு இது. 1901-லிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. 2100-க்குள் இன்னும் எவ்வளவு? புகையை வேகமாகக் குறைத்தால் 28-லிருந்து 55 சென்டிமீட்டர். கட்டுப்பாடே இல்லாமல் போனால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. அந்த மோசமான பாதையில் பனிப்பாறைகள் எதிர்பாராத வேகத்தில் சரிந்தால் இரண்டு மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்று ஐநா குழுவின் அதே 2021 அறிக்கை எச்சரிக்கிறது.

நமக்கு முதலில் வலிக்கப்போவது மூழ்குவதால் அல்ல, வடிகாலால். சுங்கை பினாங்கு கடலில் கலக்கும் இடத்தில் ஆயிர் பாசாங் பெசார் (கடல் பெரிதாக ஏறும்) நேரத்தில் மழை பெய்தால் ஆற்றுத்தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி நிற்கும். ஜாலான் பி. ரம்லி ஆட்களைக் கேட்டால் வருடம் தேதியோடு சொல்வார்கள். கடல் 30 சென்டிமீட்டர் ஏறினால் அந்த அடைப்பு நேரம் நீளும். கடல்மேல் நிற்கும் ஜெட்டி வீடுகளின் பலகை நனைவதற்கு முன்பே ஊருக்குள் இருப்பவர்களின் சாக்கடை எதிர்த்து வரும். சிவப்பு வரைபடத்தில் இது தெரியாது.

கேள்வி: "நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்றார்கள். வந்துவிட்டதே, இனி நம் காலத்தில் வராதுதானே?

இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, என்னிடம் படித்திருந்தால் தேர்வில் தேறியிருக்க மாட்டார்கள். அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். இந்த வருடம் வந்ததால் அடுத்த வருடம் குறையாது.

35 வருட வீட்டுக்கடன் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு? 0.99-ஐ 35 தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 30. இப்போது காலநிலை மாறி, அதே வெள்ளம் ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வருவதாக ஆகிவிட்டால்? நூற்றுக்கு 51. பூவா தலையா என்கிற நிலை. வங்கி வட்டியை மட்டும்தான் நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

கேள்வி: சரியாகத் தெரியாத ஒன்றுக்கு ஏன் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டும்? தெரிந்த பிறகு செய்யலாமே?

இதுதான் எல்லாக் கூட்டத்திலும் கடைசியில் வரும், குரலும் உயரும்.

முதலில், காத்திருப்பது இலவசம் இல்லை. 2021 டிசம்பர் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரையில் ஆட்கள் உட்கார்ந்திருந்த படத்தை யார் மறப்பார்கள்? அந்தச் சமயத்து வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காத்திருந்ததற்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் மெத்தையையும் மோட்டாரையும் இழந்தவர்கள்.

இரண்டாவது, வீச்சு அகலமாக இருப்பது இரண்டு பக்கமும் வெட்டும். நினைத்ததைவிடக் குறைவாகவும் வரலாம், மோசமாகவும் வரலாம். குறைவாக வந்தால் லோங்காங் கொஞ்சம் பெரிதாகக் கட்டிவிட்டோம், அவ்வளவுதான். மோசமாக வந்தால் உயிர். இரண்டு பிழையும் ஒரே விலை இல்லை. கல்யாணத்துக்கு நானூறு பேர் வருவார்களா ஐநூறா என்று தெரியாவிட்டால் எந்த வீட்டிலாவது முந்நூறு பேருக்குச் சமைப்பார்களா?

மூன்றாவது, எல்லாவற்றையும் இன்றே கட்ட வேண்டியதில்லை. லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு 2012-ல் ஒரு திட்டம் வகுத்தார்கள். இந்த நூற்றாண்டுக்கு ஒரே சுவர் என்று முடிவு செய்யவில்லை. கடல் இவ்வளவு ஏறினால் இதைச் செய்வோம், அதற்கும் மேல் ஏறினால் அதைச் செய்வோம் என்று படிப்படியாக வைத்துக்கொண்டு, அளந்து அளந்து போகிறார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நாளை விரிவாக்க வேண்டிய இடத்தில் இன்று கட்டடம் எழும்பக் கூடாது. நம் ஊரில் சிக்கலே அங்கேதான். ஆற்றோரத்தை ஒருமுறை விற்றுவிட்டால் படிப்படியாகப் போக இடமேது?

ஆகவே ஒரு திட்டத்தை யாராவது "2050-ல் மழை இத்தனை விழுக்காடு கூடும்" என்று ஒற்றை எண்ணோடு கொண்டு வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வீச்சு எங்கே என்று கேளுங்கள். எண் மேல் பக்கம் போனால் உங்கள் திட்டம் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

கேள்வி: நம் குழாய்த் தண்ணீருக்கு ஆபத்தா?

பினாங்கின் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். ஆயிர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகள் அவசரத்துக்கான சேமிப்பு. எல் நினோ வறட்சி நீண்டால் சேமிப்பு இறங்கும். அது வானத்தின் பங்கு. ஆனால் காட்டை யார் வெட்டுகிறார்கள், தண்ணீருக்குப் பணம் உண்டா இல்லையா என்பது இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான சச்சரவு. கெடா ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்டதும், பினாங்கு மறுத்ததும் செய்தித்தாளில் படித்ததுதான். அடுத்த இருபது வருடத்துக்கு மழையைவிட இந்தப் பேச்சுவார்த்தையை முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆற்றை நம்பி நெல்லும் விளைகிறது. பிலிப்பீன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகத்தின் வயல்களில் எடுத்த நீண்டகால அளவுகளை வைத்து 2004-ல் வந்த ஓர் ஆய்வு, இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வறண்ட பருவத்தில் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. பகல் வெயிலைத்தான் நாம் திட்டுகிறோம். பயிருக்கு இரவுதான் வினை.

கேள்வி: மலேசியா என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது? நம்பலாமா?

2005-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் புகையின் "செறிவை" 45 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னோம். 2050 வாக்கில் நிகரப் பூச்சியம் (வெளியிடும் புகையும் உறிஞ்சப்படும் புகையும் சமம்) என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. மின்உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டை 2050-க்குள் புதுப்பிக்கத்தக்க சக்தியாக்குவது எரிசக்தி உருமாற்றத் திட்டத்தின் இலக்கு. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி 2024 அக்டோபர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

அந்தச் "செறிவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டின் உற்பத்தியில் ஒரு ரிங்கிட்டுக்கு எவ்வளவு புகை என்பதுதான் அது. ஒரு கடையில் நூறு தோசைக்கு ஒரு கேஸ் தோம்பு ஆகிறது. வியாபாரம் பெருகி, நல்ல அடுப்பும் வாங்கி, முந்நூறு தோசைக்கு இரண்டு தோம்பு என்றாகிவிட்டது. தோசைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கேஸ் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எரிந்த கேஸோ இரட்டிப்பு. காற்றுக்குத் தெரிவது தோம்பின் எண்ணிக்கைதான். செறிவு இலக்கை எட்டினோம் என்று செய்தி வரும்போது இந்தத் தோசைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உலகப் புகையில் நம் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லையே?

உண்மை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நாம் உலகச் சராசரிக்கு மேலே. ஏர்கோனும் காரும் சும்மா ஓடுமா?

கேள்வி: பினாங்கில் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. ஜார்ஜ்டவுனிலும் பாயான் லெப்பாஸிலும் மரநிழல், பசுமைப் பாதை, மழைநீரை நிறுத்தி வைக்கும் இடங்கள் என்று ஒரு திட்டம். ஐநாவின் தகவமைப்பு நிதியிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கீடு. சிறு மீனவர்கள் பல வருடங்களாகத் தாங்களே பாக்காவ் மரம் நட்டு வருகிறார்கள்; அந்தக் கண்டல் காடு அலையையும் உடைக்கும், இறாலையும் வளர்க்கும். தெற்கே கடலைத் தூர்த்து எழுப்பும் தீவுகள் 2023-ல் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்பட்டன. ஒரு கையால் கண்டல் நட்டு மறுகையால் மணல் கொட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். எனக்கும் விடை பிடிபடவில்லை.

கேள்வி: சாதாரண ஆள் என்ன கேட்க முடியும், யாரிடம்?

1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாநகர் மன்றம், எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் வட்டாரத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது நாம் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கெடு முடிந்த பிறகுதான் கொதிக்கிறார்கள். பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலமும் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவும் மலைநிலமாகக் கருதப்பட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வரும். விதிவிலக்கு எப்போது, யாருக்கு என்று கேட்பது நம் உரிமை. வடிகாலுக்கு எந்த வருடத்து மழைக்கணக்கு எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் வர எவ்வளவு நாளாகிறது என்பதே ஒரு தகவல்.

கேள்வி: வீடு வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை மூன்று படிகளில் வரும்: வாஸ்பாடா (விழிப்பு), பூரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து). ஆற்றுமட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் நேரடியாகவே காட்டுகிறது. இரண்டையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் தானாக அதில் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2021-ல் பலர் அதைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

வீட்டை வெயில் நாளில் பார்க்காதீர்கள். நல்ல மழையில், கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். புதுச் சாயம் பூசியிருந்தால் மின்சார மீட்டர் பெட்டிக்குள்ளே தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். விற்கிறவர் சொல்வதை விடுங்கள். முனையிலுள்ள மளிகைக் கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்குங்கள். அரிசி மூட்டை தரையில் கிடக்கிறதா, நான்கு செங்கல் உயரத்தில் பலகை போட்டு அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.